கிளிஃப்டன் தொங்குபாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 1864 முதல் நிற்கும் சங்கிலித் தொங்குபாலத்தைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகள் இங்கே. வரலாறு பாதி, பராமரிப்பு பாதி. கட்டிய கதையை எல்லோரும் சொல்வார்கள். கட்டிய பிறகு இத்தனை காலம் அது எப்படி நின்றது என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. அதனால் அங்கே கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

பாலம் எவ்வளவு பெரியது?

இரண்டு கோபுரங்களுக்கும் இடையே 214 மீட்டர், அதாவது 702 அடி. நீர் உச்சத்தில் இருக்கும்போதும் ஆற்றுக்கு மேலே 75 மீட்டர் உயரத்தில் தளம் இருக்கிறது. கோபுரங்கள் ஒவ்வொன்றும் 26 மீட்டர். ஒரு முனை பிரிஸ்டலின் கிளிஃப்டன் பகுதியில், மறுமுனை வடக்கு சாமர்செட்டைச் சேர்ந்த லீ உட்ஸில்.

சிறிய ஆறுதானே, அதற்கு ஏன் இவ்வளவு உயரம்?

முதல் காரணம் நிலம். அந்த இடத்தில் ஆறு சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து செங்குத்தான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. மேட்டிலிருந்து மேட்டுக்குப் போவதென்றால் உயரம் தானாகவே வந்துவிடும். இரண்டாவது காரணம் கப்பல்கள். பிரிஸ்டல் துறைமுகம், கடலிலிருந்து வந்தால் பாலத்தையும் தாண்டி ஆற்றின் உள்ளே இருந்தது. உயரமான பாய்மரக் கப்பல்கள் இந்த வழியாகத்தான் வந்து போயின. தாழ்வாக ஒரு பாலம் போட்டால் நகரத்தின் பிழைப்பு போய்விடும்.

இந்த ஆற்றில் கடல் ஏற்ற இறக்கமும் மிக அதிகம், உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. நீர் வற்றிய நேரத்தில் போய்ப் பார்த்தால் கீழே சேறுதான் தெரியும். 'இதற்கா பாலம்' என்று தோன்றும். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

பாலம் கட்டும் யோசனை யாருடையது?

வில்லியம் விக் என்ற ஒயின் வியாபாரியுடையது. 1754-இல் தன் உயிலில் 1,000 பவுண்டு எழுதி வைத்தார். வட்டி சேர்ந்து 10,000 பவுண்டு ஆனதும் அந்தப் பணத்தில் கல்பாலம் கட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1829 வாக்கில் தொகை 8,000 பவுண்டு ஆகியிருந்தது. அதற்குள் கல்பாலத்தின் மதிப்பீடு 90,000 பவுண்டைத் தாண்டிவிட்டது! அப்புறம்தான் இரும்புத் தொங்குபாலம் என்ற பேச்சே வந்தது. அதன் செலவு இதில் ஒரு பகுதிதான். கட்டணம் வசூலித்துக் கட்டவும் நாடாளுமன்றச் சட்டம் வாங்கினார்கள்.

பொறியாளர் புரூனல் இதற்குள் எப்படி வந்தார்?

1829-இல் வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். 22 வரைபடங்கள் வந்தன. நடுவர் தாமஸ் டெல்ஃபோர்ட், அந்தக் காலத்தின் பெரிய பொறியாளர். வேல்ஸில் மெனாய் நீரிணைமேல் 1826-இல் தொங்குபாலம் கட்டி முடித்தவர். அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். 600 அடிக்கு மேல் தூரம் தாங்காது என்பது அவர் தரப்பு. மெனாய் பாலத்தைப் புயல்காற்று உலுக்கியதை அறிந்தவர், ஆகவே அதை வீண் பயம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் கொஞ்சம் இடித்தது. நீங்களே ஒன்று வரைந்து கொடுங்கள் என்றதும், பள்ளத்தாக்கின் அடியிலிருந்து இரண்டு ராட்சதக் கோபுரங்களை எழுப்பும் திட்டத்தை நீட்டினார். கடைசியில் அது எடுபடவில்லை.

1831-இல் மறுபடி போட்டி. இஸாம்பார்ட் கிங்டம் புரூனலுக்கு அப்போது வயது 24. முதலில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்தான். நடுவர்களிடம் நேரில் பேசி, விளக்கி, முதலிடத்தை வாங்கிக்கொண்டார்.

1831-இல் தொடங்கிய வேலை 1864-இல் முடிந்தது ஏன்?

பணம்தான் முக்கியக் காரணம். 1831 ஜூனில் தொடக்க விழா நடந்தது. அக்டோபரில், வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா தோற்றதை ஒட்டி பிரிஸ்டலில் பெரும் கலவரம் வெடித்தது. வியாபாரிகள் பணம் போடத் தயங்கினார்கள், வேலை நின்றுபோனது. 1836 ஆகஸ்டில் லீ உட்ஸ் பக்கம் அடிக்கல் நாட்டி மறுபடி தொடங்கினார்கள்.

அந்தக் கட்டத்தில் பள்ளத்தாக்கின் குறுக்கே ஆயிரம் அடி நீள இரும்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் கூடை தொங்கவிட்டு ஆளையும் பொருளையும் கடத்தினார்கள். முதலில் போனவர் புரூனலே. நடுவழியில் கூடை சிக்கிக்கொள்ள, அந்த உயரத்தில் அவரே மேலே ஏறி அதை விடுவித்தார். பிற்பாடு ஊர்மக்கள் காசு கொடுத்து அதில் போய்வந்தார்கள்.

1843-இல் கையிருப்பு தீர்ந்தது. கோபுரங்கள் மட்டும் எழுந்து நின்றன, நடுவில் ஒன்றுமில்லை. வாங்கி வைத்திருந்த சங்கிலிகளையும் விற்றாயிற்று. அவை சால்டாஷ் ஊரில் புரூனல் கட்டிய ராயல் ஆல்பர்ட் ரயில் பாலத்துக்குப் போயின. இரண்டு வெற்றுக் கோபுரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருபது ஆண்டுக்குப் பக்கத்தில் நின்றன. 1859-இல் புரூனல் காலமானார். தன் பாலத்தை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

இப்போதுள்ள சங்கிலிகள் பழையவையா?

ஆமாம், பெரும்பகுதி இரண்டாம் கை. அதுவும் புரூனலின் இன்னொரு பாலத்திலிருந்து வந்தவை. லண்டனில் தேம்ஸ் நதிமேல் ஹங்கர்ஃபோர்ட் நடைபாலத்தை 1845-இல் அவர் கட்டியிருந்தார். சேரிங் கிராஸுக்கு ரயில் பாலம் போட 1860-இல் அதை இடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கிலிகளை 5,000 பவுண்டுக்கு வாங்கி பிரிஸ்டலுக்குக் கொண்டுவந்தார்கள். போதாத கண்ணிகளைப் புதிதாகச் செய்து சேர்த்துக்கொண்டார்கள். சக பொறியாளர்கள் இறந்துபோன நண்பருக்கு நினைவுச்சின்னமாக இதை முடித்துவைக்க முன்வந்ததால்தான் வேலையே நகர்ந்தது. 1862 முதல் 1864 வரை மளமளவென்று முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் இதை 'புரூனல் பாலம்' என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். இடம், கோபுரங்கள், பொதுவான தோற்றம் எல்லாம் அவருடையவை. ஆனால் இன்று வண்டிகளைச் சுமக்கும் பாகத்தைக் கணக்குப் போட்டு மாற்றி வரைந்தவர்கள் ஜான் ஹாக்ஷாவும் வில்லியம் ஹென்றி பார்லோவும். பக்கத்துக்கு இரண்டு சங்கிலி என்றிருந்ததை மூன்றாக்கினார்கள். தளத்தை அகலமாகவும் கனமாகவும் விறைப்பாகவும் ஆக்கினார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான். இன்றுவரை பாலம் தாங்குவதில் அவர்கள் பங்கு பெரிது.

சாரா கப்பி என்ற பெண்தான் உண்மையில் வடிவமைத்தார் என்கிறார்களே?

சாரா கப்பி பிரிஸ்டலில் வாழ்ந்த கெட்டிக்காரக் கண்டுபிடிப்பாளர். பாலங்களுக்கு அடித்தளம் போடும் முறைக்காக 1811-இல் காப்புரிமை வாங்கியவர், புரூனல் குடும்பத்துக்குப் பழக்கமானவரும்கூட. ஆனால் கிளிஃப்டன் பாலத்தின் வடிவமைப்பு அவருடையது அல்ல. அவருக்குச் சேரவேண்டிய பெருமை தனியாகவே நிறைய இருக்கிறது. இதையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

பாலம் எப்படி நிற்கிறது? எளிமையாகச் சொல்ல முடியுமா?

தளத்தின் எடை செங்குத்தான கம்பிகள் வழியே மேலேறிச் சங்கிலிக்குப் போகிறது. சங்கிலி அதை இரண்டு பக்கமும் இழுவிசையாக எடுத்துச் செல்கிறது. கோபுரம் அழுத்தத்தை மட்டும் தாங்குகிறது. கடைசியில் சங்கிலியின் முனைகள் மண்ணுக்குள் சுரங்கமாக இறங்கி, சுமார் 18 மீட்டர் ஆழத்தில் பாறையில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுரங்கம் உள்ளே போகப்போக அகலும்படி வெட்டி, நீலச் செங்கலால் அடைத்திருக்கிறார்கள். இழுக்க இழுக்க ஆப்பு போல இறுகும், பிடுங்கிக்கொண்டு வராது.

இரண்டு நுட்பங்களைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கோபுரத்தின் உச்சியில் சங்கிலி நேராகக் கல்மேல் உட்காரவில்லை. உருளைகள் மேல் வைத்த இரும்புச் சேணத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் சங்கிலி நீளும், குளிரில் சுருங்கும், ஒரு பக்கம் பாரம் ஏறினால் இழுபடும். அப்போதெல்லாம் சேணம் சற்றே நகர்ந்து கொடுக்கிறது. இல்லையென்றால் கோபுரத்தையே சாய்க்கப் பார்க்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு கண்ணியும் ஏறத்தாழ 24 அடி நீளம். மூன்று சங்கிலிகளின் மூட்டுகளும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் 8 அடிக்கு ஒரு தொங்குகம்பி கிடைக்கிறது: முதல் கம்பி மேல் சங்கிலியிலிருந்து என்றால், அடுத்தது நடுச் சங்கிலியிலிருந்து, அதற்கடுத்தது கீழிருந்து. நடைபாதையில் நின்று அண்ணாந்து எண்ணிப் பாருங்கள், முறை பிடிபட்டுவிடும். மொத்தம் 81 ஜோடிக் கம்பிகள். கோபுரத்தருகே 20 மீட்டர் நீளம் இருப்பவை பாலத்தின் நடுவே வரும்போது இடுப்பளவுதான்.

ஒரு கண்ணி உடைந்தால் பாலம் விழுந்துவிடுமா?

சங்கிலிப் பாலம் என்றாலே வரவேண்டிய பயம் இது. அமெரிக்காவில் பாயிண்ட் பிளசன்ட் என்ற ஊரில், ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15-ஆம் தேதி மாலை நெரிசலில் அப்படியே சரிந்தது. 46 பேர் இறந்தார்கள். காரணம் ஒரே ஒரு கண்ணியின் துளையருகே இருந்த, கண்ணுக்கே தெரியாத சிறு விரிசல். அந்தப் பாலத்தில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள். ஒன்று போனதும் மற்றது தாங்கவில்லை.

கிளிஃப்டனில் கணக்கு வேறு. ஒரு கண்ணியில் பத்து, பதினொரு பட்டைகள் அருகருகே இருக்கின்றன, அப்படிப் பக்கத்துக்கு மூன்று சங்கிலிகள். மொத்தம் ஏறத்தாழ 4,200 பட்டைகள். ஒரு பட்டை கெட்டுப்போனாலும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்கிறது. சில்வர் பாலம் இதைவிட அறுபது ஆண்டு இளையது என்பதையும் கவனியுங்கள். புதியது என்பதாலேயே ஒரு பாலம் பத்திரமானது ஆகிவிடாது. உபரி வலு எவ்வளவு, பழுதை எட்டிப் பார்க்க வழி இருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

பராமரிப்பு என்றால் என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் பார்க்கிறார்கள். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் வேலையின் முக்கால் பங்கு அதுதான். கண்ணிகள் சேரும் ஊசிகள், தொங்குகம்பியின் தலையும் காலும், தளத்துக்கு அடியில் ஓடும் உத்தரங்கள், நங்கூரச் சுரங்கங்களில் கசியும் நீர் இவற்றையெல்லாம் முறைவைத்துச் சோதிக்கிறார்கள். எட்டாத இடங்களுக்குக் கயிற்றில் இறங்கும் ஆட்கள், தளத்தின் அடியில் நகரும் மேடை.

அடுத்த பெரிய வேலை பெயிண்ட். பட்டைகள் நெருக்கமாக இருப்பதால் இடுக்குகளில் தண்ணீர் தங்கும். அங்கேதான் துரு பிடிக்கும். பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பது புதிதாகப் பூசுவதைவிடச் சிரமம். சுரண்டியது காற்றில் பறந்து ஆற்றில் விழாதபடி மறைப்புக் கட்ட வேண்டும், வண்டிகளையும் நிறுத்தக் கூடாது.

தளம் மரப்பலகையால் ஆனது. இது பலருக்கு வியப்பு. மேலே கெட்டிப்பூச்சு இருப்பதால் சாலை போலத்தான் தெரியும். பலகை இற்றுப்போனால் அந்த இடத்தை மட்டும் எடுத்துப் புதுசு போடலாம். தொங்குகம்பியும் அப்படியே. 2009 ஏப்ரலில் ஒரு தொங்குகம்பியில் விரிசல் கண்டுபிடித்தார்கள். ஓர் இரவு பாலத்தை மூடி, சரிசெய்து, திறந்துவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தப் பாலத்தின் வரலாற்றில் 1864-க்கு அடுத்த முக்கியச் செய்தி அந்த ஒரு ராத்திரிதான். விரிசல் தானாகத் தெரியவரவில்லை, யாரோ தேடிப் பார்த்ததால் தெரிந்தது.

இரும்பு இவ்வளவு காலம் தாங்குமா?

இது இன்றைய எஃகு அல்ல, தேனிரும்பு. துருவை ஓரளவு நன்றாகவே தாக்குப்பிடிக்கும், வார்ப்பிரும்பு போலச் சட்டென்று நொறுங்காது. சிக்கல் என்னவென்றால் தேனிரும்பை இன்று பெருமளவில் யாரும் தயாரிப்பதில்லை. உதிரி பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் எஃகில்தான் செய்ய வேண்டும், இரண்டும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் அதிகமான நாளில் பாலத்தை மூடுவது எதற்கு?

கார்களைவிட மனிதக் கூட்டம் கனம் என்பதால்தான். கார்களுக்கு இடையே இடைவெளி இருக்கும். தோளோடு தோள் நெருக்கி நிற்கும் ஜனத்துக்கு நடுவே அது கிடையாது. மறுகரையில் ஆஷ்டன் கோர்ட் பூங்காவில் நடக்கும் ராட்சத பலூன் திருவிழா போன்ற சமயங்களில் மக்கள் பாலத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். 2003-இல் நெரிசலைப் பார்த்துவிட்டு, அதன்பின் அத்தகைய நேரங்களில் நடப்பவர்களுக்கும் சேர்த்தே மூடிவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

எடை மட்டுமல்ல, அசைவும் உண்டு. புரூனல் வேலையில் சேர்ந்த அடுத்த மாதமே, 1831 ஏப்ரலில், மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்குபாலம் சிப்பாய்கள் காலடி ஒத்து நடந்ததில் இடிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பாலத்தில் அணிநடை போடக் கூடாது என்ற உத்தரவு அதிலிருந்துதான் ராணுவத்தில் வந்தது.

நமக்கு நன்றாக நினைவிருப்பது குஜராத்தின் மோர்பி. 2022 அக்டோபர் 30 அன்று, பழுதுபார்த்துத் திறந்து சில நாளே ஆன தொங்குபாலம் கூட்டத்தோடு அறுந்து விழுந்து 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அறுந்த வடத்தில் ஏறக்குறைய பாதி இழைகள் ஏற்கெனவே துருப்பிடித்துக் கிடந்தன என்று விசாரணையில் தெரிந்தது. தளத்தைப் புதுப்பித்தவர்கள் வடத்தைப் பார்க்கவில்லை. 'பாலத்தை ஏன் மூடுகிறீர்கள், நாங்கள் வேடிக்கை பார்க்கக் கூடாதா' என்று கிளிஃப்டனில் கோபப்படுகிறவர்கள் அதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

லாரி, பஸ் போகலாமா?

கூடாது. ஒரு வண்டிக்கு 4 டன் வரைதான் அனுமதி. திறப்பதற்கு முன் 500 டன் கல்லைத் தளத்தில் பரப்பிச் சோதித்தார்கள், 7 அங்குலம்தான் இறங்கியது. பிறகு ஏன் 4 டன் கட்டுப்பாடு என்று கேட்கலாம். பரப்பி வைத்த பாரம் எல்லாக் கம்பிகளுக்கும் பிரிந்து போகும். ஒரே லாரியின் பாரம் ஓரிரு கம்பிகளையும் அடியிலுள்ள உத்தரத்தையும் பிடித்து இழுக்கும். அதுவும் ஒரு நாளைக்கு எத்தனை முறை! குதிரை வண்டிகளை மனதில் வைத்துக் கட்டிய பாலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் வண்டிகளைத் தாங்குகிறது என்றால், அந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

செலவுக்குப் பணம் யார் தருகிறார்கள்?

கடந்து போகிறவர்கள்தான். பாலம் அரசிடமோ மாநகராட்சியிடமோ இல்லை. 1952-இல் நிறைவேறிய சட்டத்தின்படி ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. மோட்டார் வண்டிகளிடம் வாங்கும் கட்டணமே முக்கிய வருமானம். 50 பென்ஸாக இருந்தது 2014-இல் ஒரு பவுண்டு ஆனது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் இலவசம். பணியாளர்கள் இரவும் பகலும் இருக்கிறார்கள்.

கட்டணம் ஏறும்போதெல்லாம் முணுமுணுப்பு எழுகிறது, அது இயல்புதான். ஆனாலும் இந்த ஏற்பாட்டின் பக்கம்தான் நான் நிற்பேன். பொதுக் கருவூலத்தில் கைவைக்க வேண்டுமென்றால் பெயிண்ட் அடிக்கும் செலவு ஒவ்வோர் ஆண்டும் பள்ளியோடும் மருத்துவமனையோடும் போட்டி போட்டுத் தோற்கும். இங்கே வசூலாகும் காசு இந்த இரும்புக்குத்தான் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இடித்துவிட்டுப் புதுப் பாலம் கட்டினால் என்ன?

முதல் தரப் பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிட்டிருப்பதால் சட்டம் விடாது. கனரக வண்டிகளுக்கு ஆற்றின் மேல் வேறு பாலங்களும் உண்டு, இதை அதற்கு இழுக்க அவசியமே இல்லை.

கல்தூணுக்குள் அறைகள் இருந்தனவாமே?

உண்மை. லீ உட்ஸ் பக்கக் கோபுரத்தைத் தாங்கும் பிரம்மாண்டமான கல் மேடை முழுக்கக் கெட்டியானது என்றுதான் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நம்பினார்கள். 2002-இல் பார்த்தால் உள்ளே வளைவுக் கூரை போட்ட 12 அறைகள்! சிலவற்றின் உயரம் 11 மீட்டர். குறுகலான குழிவழிகள் அவற்றை இணைக்கின்றன. சுண்ணாம்பு கலந்த நீர் சொட்டிச் சொட்டி மெல்லிய கசிவுத்துளிப் படிவங்கள் தொங்குகின்றன. கல்லை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. வரைபடம் கைமாறாமல் மறந்துபோயிற்று. பராமரிப்பவர்களுக்கு இதில் பாடம் வெளிப்படை: செய்ததை எழுதி வை.

கோபுரங்கள் இரண்டும் ஒரே மாதிரி இல்லையே, ஏன்?

கிளிஃப்டன் பக்கக் கோபுரத்தின் பக்கவாட்டில் திறப்புகள் உண்டு, லீ உட்ஸ் பக்கத்தில் இல்லை; வளைவுகளும் வேறு. எகிப்தியப் பாணியில் அலங்கரித்து, உச்சியில் ஸ்ஃபிங்ஸ் சிலைகள் வைப்பதாகத் திட்டம். பணமில்லாமல் சொரசொரப்பான கல்லோடு விட்டுவிட்டார்கள். சொன்னால் சண்டைக்கு வருவார்கள், எனக்கு இதுதான் அழகு.

பஞ்சி ஜம்ப் இங்கேதான் தொடங்கியதா?

நவீன வடிவில் ஆமாம். 1979 ஏப்ரல் 1 அன்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆபத்து விளையாட்டுக் குழுவினர் ரப்பர் கயிறு கட்டிக் குதித்தார்கள். முட்டாள்கள் தினம் என்று தேர்ந்தெடுத்தே குதித்தார்கள். இப்போது அனுமதி கிடையாது.

ஓரத்தில் உயரமான கம்பித் தடுப்பு எதற்கு?

உயிர்களைக் காக்க. 1998-இல் வைத்தார்கள். காட்சியைக் கொஞ்சம் மறைக்கும்தான், அது ஒரு பொருட்டே இல்லை.

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

கிளிஃப்டன் பக்கம் பழைய வானோக்குக் கூடம் இருக்கும் குன்றில் ஏறினால் முழுப் பாலமும் கண்ணுக்குள் அடங்கும். அப்புறம் நடந்தே கடந்து லீ உட்ஸ் பக்கம் போங்கள். அங்கே இலவசப் பார்வையாளர் மையத்தில் பாலத்தின் கதையும் மாதிரிகளும் இருக்கின்றன. கல் மேடைக்குள் இருக்கும் அந்த அறைகளுக்குத் தலைக்கவசம் போட்டு அழைத்துச் செல்லும் சுற்றுக்கு முன்பதிவு வேண்டும், ஏணி ஏறி இறங்க வேண்டியிருக்கும். திரும்பும்போது பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நின்று, ஒரு கார் கடக்கும்போது காலடியில் தளம் அசைவதைக் கவனியுங்கள். பயப்பட வேண்டாம், அது அசைய வேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள்.